விம்ல பிளகினை எங்க வைக்கணும், எப்போ லோடு ஆகும்: கேட்டவங்களுக்கு பதில்

வேலூர் சுத்துவட்டாரத்துல கோடு எழுதற விம் எடிட்டர் கத்துக்கற நம்ம ஆளுங்க பாதிபேர் பிளகின், அதாவது விம்முக்கு கூடுதல் வசதி குடுக்கற ஸ்கிரிப்ட், போடற இடத்துலதான் மாட்டிக்கிறாங்க, ரெண்டு நாளா வந்த கேள்விங்களுக்கு ஒரே மூச்சுல எழுதிடறேன்.

காட்பாடி தம்பி: அக்கா, பிளகின் ஜிப்ல இருந்த ஃபோல்டரு எல்லாத்தயும் அப்படியே ஹோம் ஃபோல்டர்ல இருக்கற டாட் விம் ஃபோல்டர்ல கொட்டிட்டேன். வேலை செய்யுது, தப்பா?

இப்போ வேலை செய்யும் தம்பி, ஆனா அதை எடுக்கணும்னு வரப்போதான் கஷ்டம். நானும் ஆரம்பத்துல பத்து பன்னெண்டு பிளகினை அப்படி ஒண்ணா கலந்து வச்சிருந்தேன், ஒண்ணை அழிக்கப்போய் இன்னொண்ணோட ஃபைலும் சேர்ந்து போயி, எது எதோடதுன்னு பிரிக்கவே ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆச்சு. இந்தத் தொல்லைக்குத்தான் டிம் போப்ங்கற புரோகிராமர் பேத்தோஜன்னு ஒரு பிளகின் எழுதினாரு: ஒவ்வொரு பிளகினும் பண்டில்ங்கற ஃபோல்டருக்குள்ள தனித்தனியா இருக்கும், பேத்தோஜன் அதுங்கள எல்லாம் ரன்டைம்பாத்ல சேர்த்துடும். ரன்டைம்பாத்னா விம் எங்கெங்க போய் ஃபைல் தேடணும்ங்கற லிஸ்ட். அப்பால 2016 செப்டம்பர்ல விம் 8 வந்தப்போ இது எடிட்டருக்குள்ளயே வந்துடுச்சு. டாட் விம்குள்ள பேக்னு ஒரு ஃபோல்டர் போடு, அதுக்குள்ள உன் இஷ்டத்துக்கு ஒரு பேரு, நான் வேலூர்னே வச்சிருக்கேன், அதுக்குள்ள ஸ்டார்ட். அங்க பிளகினை கிட் குளோன் பண்ணா, அதாவது கிட் வச்சு நெட்ல இருந்து காப்பி எடுத்தா போதும், வேணாம்னா அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் தூக்கிடு. விண்டோஸ்னா டாட் விம்க்கு பதிலா விம்ஃபைல்ஸ்.

ஆம்பூர்ல இருந்து ஒருத்தர்: ஸ்டார்ட்ல முப்பது பிளகின் இருக்குங்க, பழைய லேப்டாப், திறக்கறதுக்குள்ள பொறுமை போயிடுது.

உங்க ஊர்ல பிரியாணி வாங்குனா கத்திரிக்காய் தொக்கு தானா வந்துடும், சிக்கன் 65 கேட்டாதான் வரும் இல்லீங்களா, ஸ்டார்ட் அந்த தொக்கு மாதிரி, பக்கத்துலயே ஆப்ட்னு இன்னொரு ஃபோல்டர் போட்டீங்கன்னா அது 65 மாதிரி. ஆப்ட்ல இருக்கறது பேக்ஆட் கமாண்ட் குடுத்து பேரைச் சொன்னாதான் லோடு ஆகும். ஆனா எதை மாத்தணும்னு குத்துமதிப்பா முடிவு பண்ணாதீங்க. விம்மை ஸ்டார்ட்அப்டைம் ஆப்ஷனோட ஒரு ஃபைல் பேரு குடுத்து திறங்க, எந்த ஸ்கிரிப்ட் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்துச்சுன்னு வரிவரியா எழுதிக் குடுக்கும். ஒரு ஸ்கிரிப்ட் வரியில மூணு நம்பர் இருக்கும், கடைசி நம்பரைப் பாருங்க, அதான் அந்த ஃபைல் தனியா தின்ன நேரம். எனக்கு இருபத்தஞ்சு பிளகின்ல ரெண்டே ரெண்டுதான் பாரமா இருந்துச்சு, அதுங்கள மட்டும் ஆப்ட்டுக்கு மாத்துனேன், மத்தது அப்படியேதான் இருக்கு.

குடியாத்தம் சார்: ஸ்டூடண்ட்ஸுக்கு நானே சின்ன பிளகின் எழுதறேன்மா. ஆட்டோலோடு ஃபோல்டர் எதுக்கு?

சார், எனக்கு விம்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான். பிளகின் ஃபோல்டர்ல இருக்கற ஃபைல் விம் திறக்கறப்பவே முழுசா ஓடிடும். ஆட்டோலோடு ஃபோல்டர்ல இருக்கறதை யாராவது கூப்புடற வரைக்கும் தொடவே தொடாது. ஃபங்ஷன் பேர்லயே ஃபைல் பேரு இருக்கணும், மார்க்னு ஃபைல் இருந்தா மார்க், அப்பால ஹேஷ் குறி, அப்பால டோட்டல்னு பேரு வைங்க, மொத தடவை கூப்புடறப்போ விம் தானே ஆட்டோலோடுக்குள்ள மார்க் ஃபைலைத் தேடி லோடு பண்ணிக்கும். அதனால பிளகின் ஃபோல்டர்ல கமாண்டும் கீ மேப்பிங்கும் மட்டும் நாலு வரி வைங்க, பெரிய வேலை எல்லாம் ஆட்டோலோடுக்குப் போகட்டும். பைத்தானுக்கு மட்டும், சி-க்கு மட்டும்னு இருக்கறதை எஃப்டிபிளகின்ல வைங்க, அந்த வகை ஃபைல் திறந்தாதான் வரும், விம்ஆர்சிங்கற செட்டிங்ஸ் ஃபைல்ல ஃபைல்டைப் பிளகின் ஆன் இருக்கணும் அவ்ளோதான்.

ராணிப்பேட்டை: விம்ஆர்சில பிளகினோட கமாண்டை எழுதுனா அப்படி ஒரு கமாண்டே இல்லன்னு எரர் வருதே, இன்னா பண்றது?

ஸ்டார்ட்ல இருக்கறது எல்லாம் விம்ஆர்சி முடிஞ்ச அப்பாலதான் லோடு ஆகும், அதான் காரணம். அந்த வரியை டாட் விம்குள்ள ஆஃப்டர், அதுக்குள்ள பிளகின் ஃபோல்டர்ல ஒரு ஃபைலா வச்சிடுங்க, எல்லாம் வந்த பிறகு ஓடும்.

சத்துவாச்சாரி: பிளகினுக்கு ஹெல்ப் திறக்கல அக்கா.

ஹெல்ப்டேக்ஸ் ஆல்னு ஒரு தடவை அடிம்மா.

இன்னொரு தம்பி: வீட்ல எல்லாம் சரி, உபுண்டு சர்வர்ல ஒரு பிளகின்கூட வரல.

வெர்ஷன் பாரு, விம் டைனிங்கற வசதி குறைச்ச சின்ன விம்மா இருக்கும். அதுல ஸ்கிரிப்ட் ஓட்டற வசதியே கிடையாது, முழு விம் பேக்கேஜ் போடு. அது சரியா இருந்தும் வரலன்னா ஸ்கிரிப்ட்நேம்ஸ்னு அடி, இதுவரைக்கும் லோடு ஆன ஃபைல் எல்லாம் வரிசையா காட்டும், அதுல உன் பிளகின் பேரு இல்லன்னா ஃபோல்டர் ஒரு படி மேலயோ கீழயோ மாறி இருக்கு. பிளகினை கிட் சப்மாட்யூலா, அதாவது உன் கிட் ரெப்போக்குள்ள இன்னொரு ரெப்போவா வச்சிருந்தா சாதாரணமா குளோன் பண்றப்போ ஃபோல்டர் காலியா வரும், அதையும் உள்ள போய்ப் பாத்துடு, ரிகர்ஸ் சப்மாட்யூல்ஸ் சேர்த்து குளோன் பண்ணா வந்துடும்.