திரையில் முப்பரிமாண உடல் இருக்கும்போது அறுத்துத்தான் கற்க வேண்டுமா?

முப்பரிமாண மென்பொருளும் தொடுதிரை மேசையும் வந்துவிட்ட பின்பும் மருத்துவ மாணவர்கள், பிணத்தைப் பதப்படுத்தும் பார்மலினின் நெடியில் நின்று உடலை அறுத்துத்தான் உடற்கூறியல் கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்பாடத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறுக்கத்தான் வேண்டும். ஆனால் கத்தியைப் பிடித்தாலே எல்லாம் விளங்கிவிடும் என்று எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் சொல்லிவந்ததும் சரியன்று.

கத்தியால் காட்டவே முடியாதவை உண்டு. கருவின் நடுக்குடல் தனக்கு இரத்தம் கொண்டுவரும் மேல் மெசன்டெரிக் தமனியை அச்சாகக் கொண்டு இடஞ்சுழியாக 270 பாகை சுழல்வதால்தான், பெருங்குடலின் குறுக்குப் பகுதி சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு முன்னால் வந்து அமைகிறது. இதைக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்தும் துண்டை முறுக்கிக் காட்டியும் பல ஆண்டுகள் விளக்கினேன். பாதிப் பேருக்கு விளங்கியதில்லை. இன்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய ஓர் அசைபடம் அதைச் சில நிமிடங்களில் விளக்கிவிடுகிறது. குறுக்குவெட்டுத் தோற்றமும் அப்படித்தான். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் ஓர் ஆணின் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியிலும், 1995இல் ஒரு பெண்ணின் உடலை அதனினும் நுண்ணிய இடைவெளியிலும் வெட்டிப் படமெடுத்து வெளியிட்ட பின், சிடி ஸ்கேன் படத்தை உடலோடு பொருத்திப் படிப்பது எளிதாயிற்று. கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல் அப்படம் அமைவதால் கல்லீரல் திரையின் இடப்பக்கம் தெரியும் என்பதில் குழம்பாத முதலாண்டு மாணவரை நான் கண்டதில்லை.

ஆனால் மென்பொருளில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள்; ஒரு தசையை விலக்க ஒருமுறை தொட்டால் போதும். பதப்படுத்திய உடலிலோ எல்லாம் ஒரே மங்கிய நிறத்தில் இணைப்புத் திசுவுக்குள் புதைந்து கிடக்கும். தமனியின் சுவர் தடித்து உருண்டிருப்பதையும், சிரை தட்டையாகப் படிந்து கிடப்பதையும், நரம்பு உள்ளீடற்ற குழாயாக இல்லாமல் கெட்டியான கயிறாக இருப்பதையும் விரல்தான் பிரித்தறிய வேண்டும். பார்மலின் திசுக்களை விறைக்கச் செய்வதால் உயிருள்ள உடலின் மென்மை அங்கே கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் அடுக்கடுக்காக விலக்கிச் செல்லும் பொறுமையைக் கற்றுத்தர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை என் தவற்றால் கற்றேன். ஒருமுறை ஒவ்வொரு அறுவை மேசையருகிலும் ஒரு கைக்கணினியை வைத்து, பார்த்துக்கொண்டே அறுக்கச் சொன்னேன். ஒரு குழுவினர் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரண்டாவது தமனியை இணைப்புத் திசு என்று எண்ணி வெட்டி எறிந்துவிட்டார்கள். கேட்டபோது, "படத்தில் ஒன்றுதானே இருக்கிறது, ஐயா" என்றார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இத்தகைய கூடுதல் தமனி இருக்கக்கூடும். சிறுநீரக மாற்று அறுவை செய்பவர் அதை அறியாமல் வெட்டினால் கடும் இரத்தப்போக்கு ஏற்படும். மாணவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரேயொரு உடலைத் திரும்பத் திரும்பக் காட்டி, அதுவே எல்லோருடைய உடலும் என்று நம்பவைத்தவன் நான்தான்.

அதன்பின் வரிசையை மாற்றினேன். அறுப்பதற்கு முன் கால் மணி நேரம் திரையில் உறுப்புகளின் இருப்பிடத்தைப் பார்க்கிறோம். பிறகு திரையை அணைத்துவிடுகிறேன். அறுத்து முடித்ததும், கண்டதைக் கண்டபடியே ஏட்டில் பென்சிலால் வரைய வேண்டும். வரைந்த பின்னரே திரை மீண்டும் எரியும், ஸ்கேன் படங்களோடு ஒப்பிடுவோம். திரையில் இல்லாத ஒரு கிளைத் தமனியோ நரம்போ ஏட்டில் இருந்தால், அதை மேசையில் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக் கூடுதல் மதிப்பெண் தருகிறேன்.