கேளுங்க, அக்கா சொல்றேன்: பேரன் கேக்குற சீன மாமியார்

கேள்வி (ஒரு அம்மா, யாங்கோன்): அக்கா, எங்க பொண்ணு லத்தா பக்கம் ஒரு ஹொக்கியன் சீனக் குடும்பத்துல வாக்கப்பட்டிருக்கா, லவ் மேரேஜ்தான், மாப்பிள்ளை தங்கமான பையன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பொம்பளப்பிள்ளை பொறந்துச்சு. மாமியார் கவனிப்புல குறையே சொல்ல முடியாது, ஒரு மாசம் பச்சத்தண்ணில கைய வைக்க விடல, நல்லெண்ணெயும் இஞ்சியும் போட்டு கோழி ஆக்கிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. ஆனா மாசம் நெறஞ்ச விருந்துல சிவப்பு முட்டை குடுக்கும்போது வந்தவங்கள்லாம் அடுத்தது பையனா இருக்கட்டும்னு வாழ்த்திட்டுப் போனாங்க, அன்னைலேர்ந்து அந்தம்மாவும் அதையேதான் பேசுறாங்க. பொண்ணு போன் பண்ணி அழுவுறா. சீனாக்காரங்களுக்கு ஏன் ஆம்பளப்பிள்ளை மேல இவ்ளோ வெறி?

பதில்: வெறின்னு சொல்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வளைகாப்புல பெரியவங்க என்ன சொல்லி வளையல் போடுறாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா, சிங்கக்குட்டியா பெத்துக் குடுன்னு சொல்லாத கிழவி எந்தத் தெருவுல இருக்கா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். சம்பந்தி வீட்டு ஹால்ல சிவப்பு மாடம் ஒண்ணு இருக்கும், முன்னோர் பேரு எழுதுன பலகையோ போட்டோவோ வச்சு ஊதுபத்தி கொளுத்துவாங்க, பாத்திருப்பீங்க. ஏப்ரல் முதல் வாரத்துல சிங்மிங் வந்தா குடும்பமே கல்லறைக்குப் போய் புல்லு செதுக்கி, கோழி பழமெல்லாம் படைச்சு, காகிதப் பணத்த எரிச்சுட்டு வரும். பழைய வழக்கப்படி இதெல்லாம் மகன் செய்ய வேண்டியது, குடும்பப் பேரும் அவன் வழியாத்தான் போகும். சீனாவுல வம்ச ஏடு வச்சிருந்த குடும்பங்கள்ல பொறந்த வீட்டு ஏட்டுல பெரும்பாலும் மக பேரு ஏறாது, கட்டிக்கிட்டுப் போன வீட்டு ஏட்டுல இன்னாரோட சம்சாரம்னு வருவா, அவ்ளோதான். நம்ம பர்மாவுல இன்னொண்ணு சேந்துக்கிச்சு. 1960கள்ல சீனப் பள்ளிக்கூடமெல்லாம் அரசாங்கத்து கைக்குப் போயி, 1967 கலவரமும் வந்தப்புறம் நிறைய சீன வீடுகள்ல வெளிய பர்மாப் பேரோட பழக ஆரம்பிச்சாங்க, பர்மாப் பேர்ல குடும்பப் பேருக்கு இடமே கிடையாது. அதனால அந்தப் பேரு வீட்டுக்குள்ள மட்டும்தான் உயிரோட இருக்கு, அதையும் விட்டுட்டா என்ன மிச்சம்னு ஒரு பயம் பெரியவங்களுக்கு இருக்கும், இது என் கணக்கு.

அடுத்தது வயசான காலத்துல கஞ்சி ஊத்தப்போறது யாருங்கிற கவலை. சீனக் கிராமங்கள்ல விவசாயிக்குன்னு அரசாங்க பென்ஷன் திட்டம் உருப்படியா தொடங்குனதே 2009லதான், அதுவும் ஆரம்பத்துல மாசம் 55 யுவான். மக போற இடத்துக்குப் போயிடுவா, மகன்தான் கதின்னு இருந்தாங்க. இதுல வேடிக்கை என்னன்னா கஞ்சி ஊத்துறது மகனும் இல்ல, மருமகதான்! உங்க சம்பந்தியம்மாவும் ஒருகாலத்துல இதே பேச்ச வாங்கியிருப்பாங்க, பிள்ளை வரம் கேட்டு அவங்க போய் நின்னதும் ஒரு பெண் சாமி முன்னாடியாத்தான் இருக்கும், குவான்யினோ, ஸ்ட்ராண்ட் ரோடு ஹொக்கியன் கோயில் மாஸு அம்மனோ.

ஆனா சீனாவுலயே சட்டம் எப்பவோ மாறிடுச்சு. 1980 திருமணச் சட்டத்துலயே பிள்ளைக்கு அம்மாவோட குடும்பப் பேரையும் வைக்கலாம்னு வந்துடுச்சு, 1985 வாரிசுச் சட்டத்துல மகனுக்கும் மகளுக்கும் சொத்துல சம உரிமை. ஒரு பிள்ளை சட்டம் இருந்த காலத்துல நகரத்துல ஒரே பொண்ணா பொறந்தவளுக்கு அப்பா அம்மா மொத்தக் காசையும் போட்டு படிக்க வச்சாங்க, வேற பிள்ளை இல்லையே. பையன பெத்தவங்கதான் இப்ப தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க, கல்யாணத்துக்கு பிளாட் வாங்கணும், பொண்ணு வீட்டுக்கு பரிசப்பணம் குடுக்கணும், அது எல்லை மீறிப் போயி 2024ல அங்க உச்ச நீதிமன்றமே பரிசப்பண வழக்குகளுக்கு விதி போட வேண்டியதாயிடுச்சு. இத சம்பந்தியம்மா காதுல போடுங்க, டீ குடிக்கும்போது சும்மா பேச்சோட பேச்சா.

பொண்ணு பதில் பேச வேண்டாம், பேசவேண்டியது மாப்பிள்ளை. எத்தனை பிள்ளை, எப்பன்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கிறோம்மான்னு அவரு ஹொக்கியன்லயே ஒரு தடவ நிதானமா சொல்லிட்டா போதும், மருமக சொன்னா சண்டை, மகன் சொன்னா செய்தி. அப்புறம் பையனா பொண்ணான்னு தீர்மானிக்கிற எக்ஸ், ஒய் சமாச்சாரம் ஆம்பளகிட்டேர்ந்துதான் வருது, அதையும் அவர் வாயாலயே சொல்லச் சொல்லுங்க.

கேள்வி (வாசகி, பகோ): ஃபேஸ்புக்குல சீன காலண்டர்னு ஒரு சார்ட் சுத்துது, நம்ம வயசையும் கரு தங்குன மாசத்தையும் வச்சு என்ன பிள்ளைன்னு சொல்லிடுதாமே, நம்பலாமா?

பதில்: ராஜா கல்லறையில கெடச்சதுன்னு ஒரு கதையும் கூடவே வருமே, அதானே. ஸ்வீடன்ல 1973லேர்ந்து 2006 வரைக்கும் நடந்த 28 லட்சம் பிரசவத்துக்கு மேல எடுத்து இந்த சார்ட்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டாங்க, பூவா தலையா போட்டா எவ்ளோ சரியா வருமோ அவ்ளோதான் வந்துச்சு. பாதிப்பேருக்கு பலிச்சுடுதில்ல, அவங்க ஷேர் பண்றாங்க, பலிக்காதவங்க பேசாம இருக்காங்க. சிரிச்சுட்டு அடுத்த போஸ்ட்டுக்குப் போங்க.

கேள்வி (ஒரு தம்பி, மோல்மேன்): சீனாவுல பொண்ணு கிடைக்காம ஆம்பளைங்க தவிக்கிறாங்களாம், ஒரு பிள்ளை சட்டத்தாலதானே?

பதில்: சட்டம் மட்டும் இல்ல தம்பி. ஆசை பழசு, 1980ல கட்டுப்பாடு கடுமையாச்சு, அதே நேரத்துல ஸ்கேன் மெஷின் ஊர் ஊரா வந்துச்சு, மூணும் ஒண்ணா சேந்தப்பதான் வினையே. இயற்கையில 100 பொண்ணுக்கு 105 பையன் மாதிரி பொறக்கும், சீனாவுல 2004ல அது 121க்குப் போயிடுச்சு. கிராமத்துக்காரங்க கெஞ்சுனாங்கன்னு 1984லேர்ந்து நிறைய மாகாணத்துல முதல் பிள்ளை பொண்ணுன்னா ரெண்டாவது பெத்துக்கலாம்னு விட்டாங்க. யோசிச்சுப் பாரு, பொண்ணு பொறந்தா இன்னொரு சான்ஸுன்னு அரசாங்கமே சொல்லுது, அப்ப அந்த ரெண்டாவது பிரசவத்த எவன் விதிகிட்ட விடுவான், ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்சா கலைச்சுடுற தில்லுமுல்லு அதிகமா நடந்தது அங்கதான். எல்லாப் பொண்ணுங்களும் கருவுலயே போயிடல, சில பேர பதிவு பண்ணாம மறைச்சு வளத்தாங்க, 1992லேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் குழந்தைங்க போல வெளிநாட்டுக்குத் தத்துப் போச்சு, பெரும்பாலும் பொண்ணுங்க, 2024லதான் அத நிறுத்துனாங்க. சட்டம் 2016ல ரெண்டு பிள்ளைன்னும் 2021ல மூணுன்னும் தளந்துச்சு. 2020 கணக்கெடுப்புல 100 பொண்ணுக்கு 111 பையன்னு எறங்கிடுச்சு, ஆனாலும் மொத்தத்துல பொம்பளைங்கள விட சுமார் மூணரை கோடி ஆம்பளைங்க அதிகம்.

இத படிச்சிட்டு சீனாக்காரன திட்டாத. தமிழ்நாட்டுல ஒரு பிள்ளை சட்டம் கிடையாது, பொறந்த பொண்ணக் கொல்றாங்கன்னு அங்க உசிலம்பட்டி பேரு ஏன் பேப்பர்ல வந்துச்சு, வேண்டாத பொண்ணக் கொல்லாம அரசாங்கத் தொட்டில்ல விட்டுடுங்கன்னு 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் எதுக்கு வந்துச்சு? ஸ்கேன்ல பாத்து சொல்லக்கூடாதுன்னு இந்தியாவும் சீனாவும் சட்டம் போட்டது ஒரே வருஷம், 1994.

கேள்வி (வாசகி, மண்டலே): பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு 19 வயசு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்குற சீன ஊரு ரூயிலி தாண்டி ஒரு பேக்டரில நல்ல சம்பளம்னு தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க கூட்டிட்டுப் போறாங்களாம். பாஸ்போர்ட் வேணாமாம். எனக்கென்னமோ மனசு சரியில்ல.

பதில்: உங்க மனசு சரியாத்தான் சொல்லுது. மேல சொன்ன மூணரை கோடி வெறும் நம்பர் இல்ல, அந்தக் குறைய நெரப்ப நம்ம நாட்டுலேர்ந்து, அதுவும் கச்சின், வட ஷான் பக்கத்துலேர்ந்து பொண்ணுங்கள வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி மணப்பெண்ணா வித்திருக்காங்க. 2019ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் தப்பிச்சு வந்தவங்க 37 பேருகிட்ட பேசி அறிக்கை போட்டுச்சு. 3,000 டாலர்லேர்ந்து 13,000 டாலர் வரைக்கும் விலை, ரூம்ல பூட்டி வச்சு பிள்ளை பெக்க வைக்கிறது, சில பேரு பிள்ளைய அங்கயே விட்டுட்டுத்தான் திரும்ப முடிஞ்சுது. கூட்டிட்டுப் போனது பெரும்பாலும் முன்னபின்ன தெரியாதவன் இல்ல, நம்பிக்கையான அக்கம்பக்கமும் சொந்தக்காரங்களும்தான். அதனால தெரிஞ்சவங்கங்கிறது ஒரு ஜாமீனே இல்ல. பேக்டரி பேரு, அட்ரஸ், வேலை ஒப்பந்தம் மூணையும் கேக்கச் சொல்லுங்க, பாஸ்போர்ட்டோ முறையான எல்லைப் பாஸோ இல்லாம எல்லைய தாண்டவே கூடாது, அந்தம்மாவோட போட்டோவும் போன் நம்பரும் வீட்டுல இருக்கட்டும். கேட்டதுக்கு அந்தம்மா கோவப்பட்டா அதுலயே பதில் வந்துடுச்சு. இந்தப் பத்திரிகை கைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு உங்களுக்குத் தனியா போன் பண்ணச் சொல்லியிருக்கேன், இன்னிக்கே அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட போய் பேசுங்க.