சைக்கிள் கேள்வி-பதில்: சமதரைக்கும் மலைக்கும் ஒரே கேசட் போதுமா?

கேள்வி: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் வரை தினமும் ரோடு பைக் ஓட்டுகிறேன். ஷிமானோ 105 ஆர்7000, 11 ஸ்பீடு; முன்னால் 50/34 பல், பின்னால் கேசட் (பல்சக்கரத் தொகுப்பு) 11-28 பல். டிசம்பரில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏற ஆசை. கேசட்டை 11-34 ஆக மாற்றினால் நம்மூர்ச் சமதரையில் கியர் இடைவெளி கூடி ஓட்டம் கெட்டுவிடுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கெடாது. பல் வரிசையை எழுதிப் பாருங்கள்.

11-28: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28.
11-34: 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34.

15 முதல் 25 வரை இரண்டும் ஒன்றேதான். முன்னால் 50 பல்லில் வைத்து நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால், பின்னால் 19-இல் மணிக்கு 28 கி.மீ., 15-இல் 36 கி.மீ. வேகம் வரும். அதற்கு மேல் விரட்டுகிறவர்களுக்குத்தான் 12, 14 பற்கள் இல்லாத குறை தெரியும். மலையிலோ லாபம் பெரிது. மணிக்கு 8 கி.மீ.யில் ஏறும்போது 34×28-இல் (முன்னால் 34 பல், பின்னால் 28) நிமிடத்துக்கு 52 சுற்றுதான் மிதிக்க முடியும். முழு பாரமும் முட்டியில் இறங்கும். 34×34-இல் அதே வேகத்துக்கு 63 சுற்று. மணிக்கணக்கில் ஏற வேண்டிய மலைக்கு இந்த வித்தியாசம் அவசியம்.

வாங்குமுன் பின் டீரெய்லரின் (கியர் மாற்றும் கருவியின்) மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்.எஸ். என்றால் செயின் ஓடும் கூண்டு குட்டை, 30 பல் வரைதான் தாங்கும். 34-க்கு நீளக் கூண்டுள்ள ஜி.எஸ். வேண்டும்.

செயினையும் கூடவே மாற்றிவிடுங்கள். 28 பல்லுக்கு அளவெடுத்த செயின் 50×34-இல் விழுந்தால் விறைத்து இழுத்து, டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கரை ஒடித்துவிடும். புதுச் செயினை டீரெய்லருக்குள் விடாமல் முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் மேல் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். முனை பொருந்தாவிட்டால் இன்னொரு கண்ணி கூட்டலாம், குறைக்கக் கூடாது.

ஷிமானோ 11-34 கேசட்டை 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (பின் சக்கரத்தின் நடுப்பாகத்தில்) ஏற்றும்போது, முதலில் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையத்தைப் போட வேண்டும். கடையில் இதை விட்டுவிட்டால் கடைசியில் இறுக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடும். கடைசியாக, 34×34-இல் வைத்து டீரெய்லரின் மேல் புல்லிக்கும் (சிறு உருளைக்கும்) பின் பல்லுக்கும் 5-6 மி.மீ. இடைவெளி இருக்குமாறு, அந்த இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூவைத் திருகுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கில் 53/39, 12-25. எதிர்க்காற்றில் முட்டி வலிக்கிறது. முன்னால் 34 போடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஐந்து கை கொண்ட பழைய 53/39 கிராங்க் (பெடலும் முன் பல்லும் மாட்டும் பாகம்) பெரும்பாலும் 130 மி.மீ. போல்ட் வட்டம் (பல்லைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) கொண்டது. அதில் 38-க்குக் கீழ் பல் உட்காராது. 34 வேண்டுமென்றால் கிராங்க்கையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு இப்போது வேண்டாம். காற்று எதிர்த்தால் தயங்காமல் 39-க்கு இறங்குங்கள். 39×17-இல் 85 சுற்றுக்கு மணிக்கு 24-25 கி.மீ. கிடைக்கும். அதன் பிறகும் வலித்தால் சீட் உயரம் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.