சிவப்பு ஆச்சரியக்குறிக்குப் பயப்படாதீர்கள், பச்சையைத்தான் கொஞ்சம் சந்தேகியுங்கள்

கன்னியா வெந்நீர் ஊற்று பக்கத்தைத் திருத்தியதும் கோப்பில் சிவப்பு ஆச்சரியக்குறி வந்துவிட்டது, பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் பழுதாகவில்லை. பலர் சேர்ந்து திருத்தும் கோப்புகளின் மாற்றங்களைக் கவனித்துக்கொள்ளும் டோர்ட்டாய்ஸ் எஸ்விஎன் (TortoiseSVN) மென்பொருளில் அதற்கு அர்த்தம், நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், இன்னும் கொமிட் செய்யவில்லை, அதாவது பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பவில்லை என்பதுதான். உள்ளே ஒரு கோப்பு மாறினாலே மேலே உள்ள ஃபோல்டரும் சிவப்பாகும்.

பச்சை டிக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் கணினியில் கடைசியாக அப்டேட் செய்த, அதாவது களஞ்சியத்திலிருந்து எடுத்த பிரதியிலிருந்து எதுவும் மாறவில்லை என்று மட்டுமே அது சொல்லும். நிலாவெளியில் இருக்கும் உங்கள் நண்பர் இன்று காலை அதே பக்கத்தைத் திருத்தி அனுப்பியிருந்தாலும் உங்களுக்குப் பச்சையாகவே தெரியும், அதனால் எழுத உட்காரும் முன் ஒருமுறை அப்டேட் கொடுங்கள்.

நீலக் கேள்விக்குறி என்றால் அந்தக் கோப்பை இன்னும் சேர்க்கவே இல்லை. ஆட் கொடுத்துக் கொமிட் செய்யும்வரை மற்றவர்களுக்குப் போகாது. கவனமாகப் பார்க்க வேண்டியது மஞ்சள் முக்கோணம். அதற்கு அர்த்தம், நீங்களும் இன்னொருவரும் ஒரே வரியை மாற்றியிருக்கிறீர்கள். அப்போது பக்கத்தில் மைன் என்று முடியும் கோப்பு ஒன்று வரும், அதில் இருப்பது உங்கள் எழுத்து, தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். எங்கள் உவர்மலைக் குழுவில் ஒருவர் அதைக் குப்பை என்று நினைத்து அழித்து, ஒரு மாலை முழுக்க எழுதியதை இழந்தார். எடிட் கான்ஃப்ளிக்ட்ஸில் இரண்டையும் பார்த்துச் சேர்த்த பிறகு ரிசால்வ்ட் கொடுங்கள்.

அப்புறம், இந்த ஐகான்களே காணாமல் போனால் பயப்படாதீர்கள்; விண்டோஸ் இப்படியான 15 குறிகளைத்தான் ஏற்கும், ஒன்டிரைவ் போன்றவை அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ரைட் கிளிக் செய்து செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ் பாருங்கள், அது சரியாகக் காட்டும்.