பெரிய மீன் வந்தால் கேஜைப் பாருங்கள்

ஸ்கூபா டைவிங்கில் பெரிய கடலுயிர்களைப் பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கே: மாலத்தீவு போகிறோம். திமிங்கலச் சுறா வாயைத் திறந்துகொண்டு வந்தால் ஆளை உள்ளே இழுத்துவிடாதா?
– வாசகி, திருச்சி

ப: இழுக்காது. வாய் அகலம்தானே தவிர தொண்டை ரொம்பக் குறுகல். மிதவையுயிர்கள், மீன் முட்டை, பொடி மீன் இவற்றை வடிகட்டித் தின்கிற பிராணி அது. நீங்கள் பயப்பட வேண்டியது அதன் வாலுக்கு. பக்கவாட்டில் வீசி நீந்தும்போது வால் பட்டால் மாஸ்க்கும் போகும், வாயில் காற்று தரும் ரெகுலேட்டரும் போகும். அதனால்தான் 2009இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட தெற்கு ஆரியில் உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கச் சொல்கிறார்கள். முன்னால் போய் வழிமறிக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், தொடாதீர்கள். துரத்துவதும் வீண். அது சும்மா போகிற வேகத்துக்கே சிலிண்டர் கட்டிய ஆளால் ஈடுகொடுக்க முடியாது. பக்கவாட்டில் நின்றால் அதுவே கடந்து போகும்.

கே: 8 மீட்டர் சுறா பார்த்தேன் என்றேன். கைடு "6 இருக்கும்" என்கிறார். யார் சரி?
– வாசகர், பெங்களூரு

ப: கைடுதான். தண்ணீருக்கடியில் மாஸ்க் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். கண்ணுக்குத் தோன்றிய நீளத்தில் காலைக் கழித்துச் சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் இடது பக்கத்தில், செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் தெளிவாக விழும்படி எடுங்கள். அந்தப் புள்ளிகள் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இராது. விண்மீன்களின் அமைப்பைப் பொருத்திப் பார்க்க எழுதிய கணக்கை மாற்றியமைத்துத்தான் எந்தச் சுறா என்று கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் செல்ஃபியைவிட அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

கே: பாலியில் மோலா மோலா (சூரியமீன்) பார்க்க ஆசை. 20 டைவ் முடித்திருக்கிறேன். போதுமா? என்ன தயாரிப்பு வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: உங்களுக்கு அட்வான்ஸ்டு சான்றிதழும், நீரோட்டத்தில் இறங்கிய பழக்கமும் இருந்தால் போகலாம். வெறும் 20 என்ற எண்ணிக்கை போதாது.

இடம் பாலிக்குத் தென்கிழக்கே உள்ள நுசா பெனிடா. சீசன் ஜூலை முதல் அக்டோபர் வரை. அப்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும். அதோடு மோலாவும் ரீஃப் (பவளப்பாறை) பக்கம் வரும். கறுப்பு வெள்ளைப் பட்டையும் முதுகில் நீண்ட வெள்ளைக் கொடியும் உள்ள பேனர் மீன்கள் அதன் தோலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அங்கே வருவது பெரும்பாலும் தலையில் முண்டு உள்ள மோலா அலெக்சாண்டிரினி. இந்த இனத்தில் ஒன்று 2021இல் அசோர்ஸ் தீவுகள் பக்கம் செத்து மிதந்தது. எடை 2,744 கிலோ.

வெப்பமண்டலம்தானே என்று 3 மி.மீ. வெட்சூட்டோடு (குளிர் தாங்கும் டைவிங் உடை) போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். மேலே 27 டிகிரி இருக்கும் தண்ணீர் கீழே 20க்கும் குறையலாம். 5 மி.மீ. சூட், தலைக்கு ஹுட் இரண்டும் கட்டாயம். தடித்த சூட் மிதக்கும் என்பதால், மூழ்குவதற்காகக் கட்டும் ஈயம் ஒன்றிரண்டு கிலோ கூடும். ஆனால் 30 மீட்டரில் அந்த சூட் நசுங்கி மிதப்பை இழக்கும், நீங்கள் கல்லாகிவிடுவீர்கள். பி.சி.டி.யில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஜாக்கெட்) காற்று ஏற்றிச் சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காற்றுக் கணக்கு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) காற்று இருக்கிறது என்று வையுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 80 லிட்டர் இழுப்பார். 100 பார் வந்ததும் மேலேறத் தொடங்க வேண்டும். கூட்டாளிக்குக் காற்று தீர்ந்தால் இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் மேலே வரவும், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு தேவை. கீழே செலவழிக்க மிச்சமிருப்பது 100 பார், அதாவது 1,100 லிட்டர்: 14 நிமிடத்துக்கும் குறைவு. குளிரும் பரபரப்பும் சேர்ந்து மூச்சு 30 லிட்டர் ஆனால் வெறும் 9 நிமிடம்! மீன் வந்ததும் எல்லாரும் கேமராவைப் பார்ப்பார்கள், மிச்சக் காற்றைக் காட்டும் கேஜை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆபத்து மீனிடம் இல்லை, இங்கேதான்.

இன்னொன்று கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டம். உங்கள் குமிழிகள் மேலே போகாமல் கீழே போனால், காதில் திடீரென்று அழுத்தம் கூடினால், அதில் மாட்டியிருக்கிறீர்கள். மேல்நோக்கி உதைத்துக் களைத்துப் போகாதீர்கள். பாறை கைக்கெட்டினால் பிடித்து ஏறுங்கள். எட்டாவிட்டால் பாறைச் சுவரைவிட்டு விலகி, பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். பி.சி.டி.யில் காற்று ஏற்றியிருந்தால், இழுவை விட்ட கணமே அதை வெளியேற்றுங்கள். மறந்தால் அந்தக் காற்றே விரிந்து உங்களை ராக்கெட்டாக மேலே தள்ளும். இரண்டாவது விபத்து பல சமயம் முதலாவதைவிட மோசம்.

மீனைப் பார்த்ததும் பாயாதீர்கள். பேனர் மீன்கள் வேலையைத் தொடங்கும்வரை ரீஃபை ஒட்டிக் காத்திருங்கள். பின்பக்கமாகப் போனால் ஓடிவிடும், உங்களுக்குப் பின்னால் வருகிற குழுவுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

கே: மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஆனைத்திருக்கைகளோடு (மான்டா) ஸ்கூபா செய்யலாமா? கொட்டுமா?
– வாசகி, கொழும்பு

ப: கொட்டாது, வாலில் முள் இல்லை. ஸ்கூபாவுக்கு அங்கே தடை. சிலிண்டர் குமிழிகள் மேலே இரை தின்னும் திருக்கைகளைக் கலைக்கும். ஸ்நார்க்கல் (மேற்பரப்பில் குழாய் வழியே சுவாசித்து நீந்துவது) மட்டும், உரிமம் பெற்ற கைடோடு, ஒரு குழுவுக்கு 45 நிமிடம். மே முதல் நவம்பர் வரை போகலாம்.

கே: கூன்முதுகுத் திமிங்கலத்தைப் பக்கத்தில் பார்க்க எங்கே போவது?
– வாசகர், சென்னை

ப: டோங்கா நாட்டின் வவாவு தீவுகள், ஜூலை முதல் அக்டோபர் வரை. அங்கேயும் ஸ்கூபா கிடையாது. ஒரு நேரத்தில் நான்கு பேரும் ஒரு கைடும்தான் தண்ணீரில் இறங்கலாம். சிலிண்டர் வாடகை மிச்சம்.

கே: கடைசி டைவ் முடித்த அன்று இரவே விமானம் ஏறலாமா?
– வாசகர், மதுரை

ப: கூடாது. பல டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான். டிக்கெட்டை மாற்றுங்கள்.