ஹீலியம்-6 சிதைவதற்குள் அதைப் பிடிப்பது எப்படி?

அணுக்கருப் பிளவில் இரண்டு பெரிய துண்டுகளோடு மூன்றாவது துகளாக எப்போதாவது வெளிவரும் ஹீலியம்-6, லித்தியம்-8 போன்ற இலேசான அணுக்கருக்கள் ஒரு நொடிக்குள் சிதைந்துவிடுமே, டிடெக்டரில் எப்படிச் சிக்கும் என்பது கேள்வி. நேரம் இங்கே பிரச்சினையே இல்லை. ஹீலியம்-6இன் அரை ஆயுள் 0.8 நொடி; 5 செ.மீ. தள்ளி வைத்த சிலிக்கான் டிடெக்டரை அது சுமார் 3 நானோநொடியில் எட்டிவிடும். ஆல்பாத் துகள்களின் (ஹீலியம்-4 அணுக்கரு) கூட்டத்திலிருந்து அதைப் பிரித்தறிவதுதான் கஷ்டம்.

தானாகவே பிளவுறும் கலிஃபோர்னியம்-252 மூலத்தில் ஒரு பிளவுக்குச் சுமார் 31 சாதாரண ஆல்பாச் சிதைவுகள் (ஆற்றல் 6.1 எம்இவி, அதாவது மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்) நடக்கும். மூன்றாவது துகள் வருவதோ ஏறக்குறைய 300 பிளவுக்கு ஒன்று. அதிலும் பெரும்பாலானவை ஆல்பாவே, ஹீலியம்-6 சில சதவீதம்தான். அதனால் முதலில் 30 மைக்ரான் அலுமினியத் தகடு: பிளவுத் துண்டுகளும் சிதைவு ஆல்பாக்களும் அதிலேயே நின்றுவிடும். பின்னால் 30 மைக்ரான் மெல்லிய சிலிக்கான், அதற்குப் பின் 500 மைக்ரான் தடித்த சிலிக்கான். இரண்டிலும் பதியும் ஆற்றல்களின் பெருக்கம் தோராயமாக நிறை × மின்னூட்டத்தின் வர்க்கம்: டிரைட்டான் (ஹைட்ரஜன்-3 அணுக்கரு) 3, ஆல்பா 16, ஹீலியம்-6 24, லித்தியம்-8 72.

16க்கும் 24க்கும் இடைவெளி தாராளம்போலத் தெரியும். ஆனால் மெல்லிய சிலிக்கானின் தடிமன் இடத்துக்கு இடம் மாறினால், ஆல்பா மதிப்புகளின் பரவல் ஹீலியம்-6 மீது ஏறிவிடும். துளையுள்ள தடுப்பு வைத்துச் சீரான நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொரு இழப்பு: தகட்டையும் மெல்லிய சிலிக்கானையும் தாண்ட ஹீலியம்-6க்குச் சுமார் 10 எம்இவி வேண்டும். அதன் சராசரி ஆற்றலே 11, 12தான் என்பதால், கணிசமான பங்கு எண்ணிக்கைக்கு வராது. விட்டுப்போனதை பதிவான ஆற்றல்களுக்குக் காஸ் வளைவு (மணி வடிவ வளைவு) பொருத்தித்தான் கணக்கிட வேண்டும்.

சந்தேகம் தீர, குறுகிய ஆயுளையே சாட்சியாக்கலாம். தடித்த சிலிக்கானில் புதைந்த லித்தியம்-8, 0.84 நொடி அரை ஆயுளில் பீட்டா உமிழ்ந்து இரண்டு ஆல்பாவாக உடையும். பதிந்த அதே இடத்தில் மொத்தம் 3 எம்இவியை ஒட்டி அகலமான சிகரம் வரும். இடத்தையும் காலத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யும் பட்டைகளாகப் பிரித்த டிடெக்டர் இதற்கு அவசியம்.

நேரடியாகப் பிடிக்கவே முடியாதது ஹீலியம்-5. 10⁻²¹ நொடிக்குள் ஆல்பாவும் நியூட்ரானுமாக உடைந்துவிடும். ஆல்பா போகும் திசையைச் சுற்றிச் சுமார் 30 பாகைக்குள் நியூட்ரான் டிடெக்டர் வைத்து, இரண்டும் ஒரே பிளவில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிளவுத் துண்டுகளின் நியூட்ரான்கள் பெரும்பாலும் துண்டுகள் பறக்கும் திசையிலும், மூன்றாவது துகள் அதற்கு ஏறத்தாழச் செங்குத்தாகவும் போவதால், ஆல்பாத் திசையில் தெரியும் நியூட்ரான் மிகுதி ஹீலியம்-5ஐக் காட்டிக்கொடுக்கும்.