காரைக்குடிப் பக்கம் கத்தரியும் தக்காளியும் தண்ணீர் இருந்தும் மதியத்தில் வாடுகின்றன. வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவா காரணம் என்று மண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

வெறும் கண்ணுக்கு மண்ணில் ஒன்றும் தெரியாது. வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்பருவம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முதலில் வேரைப் பாருங்கள்.

செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். சல்லிவேர் மண்ணிலேயே அறுந்துவிடும், பார்க்க வேண்டியதே அதைத்தான். மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். பாசிமணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். நம் பக்கத்துச் சரளைச் செம்மண் மாதிரி காற்றோட்டமான மண் இந்தப் புழுவுக்கு ரொம்பத் தோது.

தட்டைப்பயறு, கொத்தவரை வேரிலும் முடிச்சு வரும், அதைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். அது ரைசோபியம் என்ற, செடிக்குத் தழைச்சத்து தரும் நல்ல பாக்டீரியா உண்டாக்கும் முடிச்சு. நகத்தால் தட்டினால் தனியாக உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது. பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும்.

முடிச்சே போடாத நூற்புழுக்களும் உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வழி. ஈரம் இருக்கும்போது, வேரடியில் 15–20 செ.மீ. ஆழத்தில், பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, கால் கிலோவைக் கொஞ்சம் சல்லிவேரோடு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். அடியோடு காய்ந்த செடி வேண்டாம், அதில் புழு குறைந்திருக்கும். பாதி வாடியதுதான் சரி. பையை வெயிலில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் வண்டியில் மாட்டிக்கொண்டு போனால் புழு வழியிலேயே செத்துவிடும்.

அங்கே மண்ணைக் கரைத்துச் சலித்து, நுண்ணோக்கியில் வாய் ஊசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பயிரைத் தாக்கும் நூற்புழுவுக்கு அது கட்டாயம் இருக்கும். எங்கே அனுப்புவது என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவுக்கென்றே தனித் துறை இருக்கிறது.